குயிலின் கடைசிப் பாடம்

மோட்டார் மெக்கானிக் ஒரே ஒரு வாக்கியத்தோடு படுக்கையறை வாசலில் நின்றான்.

உள்ளே மனைவி அவனுடைய நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகு இவன் பக்கம். அதுவும் நல்லதுக்குத்தான். முகத்தைப் பார்த்துச் சொல்லும் அளவுக்கு அவனுக்குத் தெம்பு இல்லை.

"துணியை நான் தேய்க்கிறேன், நீ உட்காரு." இதுதான் வாக்கியம். குரல் சொதப்பினாலும் சொல்லும் விஷயமாவது நல்லதாக இருக்கட்டும் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்திருந்தான்.

ஆள் ஆறடி. வயது முப்பத்தாறு. குரலுக்கு மட்டும் இன்னும் பன்னிரண்டு தாண்டவில்லை.

தண்ணீர் மோட்டாரைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவிடுவான். வேலை முடிந்து இறங்கி வந்து "சரியாயிடுச்சு சார்" என்று கீச்சென்று சொல்லும்போது, வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் குயில்.

போனில் இன்னும் மோசம். எடுத்த எடுப்பிலேயே சார் இல்லையாம்மா என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், அவர் வெளியே போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறேன் என்று தன் மனைவியாகவே பேசி முகவரியை வாங்கிக்கொள்வான். உங்கள் வீட்டம்மா ரொம்பத் தன்மையாகப் பேசுகிறார்கள் என்று நேரில் பாராட்டியவர்களும் உண்டு. அந்தப் பாராட்டை அவன் உரியவரிடம் சேர்த்ததில்லை.

இரண்டு மாதம் முன்பு தொண்டை வலி என்று டாக்டரிடம் போனான். அவர் மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, வலிக்கு மாத்திரையும் குரலுக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் முகவரியும் கொடுத்தார்.

அந்தப் பயிற்சியாளர் அம்மாள் எதையும் பட்டென்று சொல்பவர். குரல்வளை எல்லாம் ஒழுங்காக வளர்ந்திருக்கிறது, மீசை முளைக்கிற வயதில் குரல் உடைந்தபோது நீங்கள்தான் பழையதை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள், இது வெறும் பழக்கம் என்றார். இருமச் சொன்னார். இருமல் கட்டையாக வந்தது. பிறகு தொண்டை மேட்டை விரலால் மெல்லக் கீழே அழுத்திப் பிடித்து, 'ஆ' என்று சொல்லச் சொன்னார்.

அறையில் ஓர் ஆம்பிளைக் குரல் கேட்டது. யாரென்று மெக்கானிக் திரும்பிப் பார்த்தான்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும், பெரிய மோட்டார் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனான். ம்ம் என்று முனகினான். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். பேப்பரை உரக்கப் படித்தான். முன்பின் தெரியாத கடைகளுக்குப் போன் போட்டு, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டான். சொல்லுங்க சார் என்றார்கள். அந்த சாருக்காகவே இன்னும் பத்துக் கடைக்குப் போட்டான். சந்தோஷத்தில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கடைசிப் பாடம் மட்டும் மிச்சம். தன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் இந்தக் குரலில் பேச வேண்டும்.

மூன்று வாரம் இழுத்தடித்தான். வெளியே ஒன்று வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பழசே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும், இந்த வாரமும் பேசாவிட்டால் இனி இங்கே வர வேண்டாம் என்று அம்மாள் சொல்லிவிட்டார்.

அவனுக்குப் பயம். எட்டு வருஷமாக இவள் குடித்தனம் நடத்தியது அந்தக் கீச்சுக் குரலோடு. சொந்தக்காரர்கள் வாய்க்குள் சிரித்த இடத்தில்கூட இவள் ஒருநாளும் சிரித்ததில்லை. இப்போது யாரோ ஒருத்தன் குரலோடு வந்து நின்றால் என்ன நினைப்பாள்? அவள் மட்டும் முகம் சுளித்துவிட்டால், இனி ஜென்மத்துக்கும் அந்தக் குரலை வெளியே எடுக்க மாட்டான். அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

தாடையைத் தளர்த்தினான். மூச்சை வயிறு வரை இழுத்தான்.

சொல்லிவிட்டான்.

பிசிறில்லாமல், கனமாக, கடைசி எழுத்து வரை இறங்கியே வந்தது.

அயர்ன் பாக்ஸ் காலரின் மேல் அப்படியே நின்றது. அவள் திரும்பவில்லை. பாக்ஸை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள்.

"முழிச்சிருக்கும்போதும் இந்தக் குரல் வருமா உங்களுக்கு?" என்றாள்.

கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தது அவன்தான்.

வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அவன் தூக்கத்தில் பேசுகிறானாம். இதே குரலில்தான். கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே அப்படித்தானாம். அடைத்துக்கொண்ட வால்வைத் திட்டுவானாம். பைப் கடைக்காரரை ஒரு பிடி பிடிப்பானாம். இரண்டொரு முறை அவளைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டிருக்கிறானாம். அவளுக்கு அந்தக் குரல் அவ்வளவு பிடிக்குமாம். வெளியே சொன்னால் கூச்சப்பட்டு அதையும் நிறுத்திவிடுவான் என்றுதான் எட்டு வருஷமாக மூச்சு விடவில்லையாம்.

சொல்லிக்கொண்டே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"நானும் ஏதாவது கேட்டுப் பார்ப்பேன். நீங்க பாட்டுக்கு வால்வைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க. இப்பக் கேட்டா பதில் சொல்வீங்கல்ல?"

"கேளு," என்றான்.