உடையாத கண்ணாடி

"முதல்ல பசங்களை உள்ள அனுப்புக்கா…"

"மாட்டேன். அந்தச் சுவர் சாயுது…"

"சாயலைன்னு சொல்றேன்ல!"

"நீ சொன்னா அது கேட்டுக்குமா?"

மரத்தடியில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தலைமையாசிரியைக்கு மேல்மூச்சு வாங்கியது. எதிரே ஃபைலும் கையுமாக நின்றவன், வட்டாரத்தில் இருக்கும் முப்பத்திரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் கட்டடப் பராமரிப்பு அதிகாரி. அவளுடைய கூடப் பிறந்த தம்பியும்கூட.

"டீச்சர்கள் எல்லாம் பார்க்கறாங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுக்கா."

"சரிங்க அதிகாரி ஐயா. கிளாஸ்ரூம் கதவு சாத்த மாட்டேங்குதுங்க. ரெண்டு தடவை இழைச்சாச்சுங்க. மேசையில பென்சிலை வச்சா, அது பாட்டுக்கு உருண்டு ஓடுதுங்க. போதுமா மரியாதை?"

"மழைக்காலத்துல கதவுன்னா ஊதத்தான் செய்யும்."

"அந்த நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து நீதான்டா ஊதிப் போயிட்டே."

அவன் சிரிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, பிள்ளை மாதிரி வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். வகுப்பறைச் சுவரில் மேலிருந்து கீழே நெளிந்து இறங்கியது விரிசல். அதன் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டியிருந்தது. பக்கத்தில் பெயிண்டால் தேதி.

"மூணு மாசத்துக்கு முன்னாடி என் கையால ஒட்டினது. சுவர் ஒரு நூல் அசைஞ்சாலும் இது பட்டுனு தெறிச்சுடும். உடைஞ்சிருந்தா இந்த நிமிஷமே ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிடுவேன். முழுசா இருக்கே! எதைக் காட்டிப் பூட்டச் சொல்றே?"

அக்கா குனிந்து தேதியைப் பார்த்தாள். "ஏன்டா, உன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குமே. இதுல மட்டும் முத்து முத்தா எழுதியிருக்கே?"

"வேலைன்னு வந்தா கவனமாத்தான் எழுதுவேன்" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உண்மையைச் சொன்னால், அது உடைந்திருக்கட்டும் என்றுதான் வழியெல்லாம் அவன் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு முட்டு அவனிடம் இருந்ததே ஒரே ஒரு செட். கண்ணாடி உடைந்த வேறொரு பள்ளிக்கு அதைப் போன வாரம்தான் அனுப்பியிருந்தான். இங்கே அனுப்பியிருந்தால், அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று ஆபீசே கைகொட்டிச் சிரித்திருக்கும்.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து வராந்தாவில் முட்டி மோதி நின்றார்கள்.

"பாரு, நனையறாங்க. வெட்டவெளியில உட்கார வைக்கிறேன்னு ஏற்கெனவே ரெண்டு பேர் வீட்டுலேர்ந்து மேலிடத்துக்குப் புகார் போயிருக்கு. இனிமே உனக்குத்தான் மெமோ வரும்."

"மெமோ கிடக்கட்டும். உன் பொண்ணு இந்த கிளாஸ்ல படிச்சா உள்ள அனுப்புவியா? என்னைப் பார்த்துச் சொல்லுடா."

அவன் ஃபைலைப் பார்த்துத்தான் சொன்னான். "என் கையில என்னக்கா இருக்கு? கண்ணாடி சொல்றதைத்தான் நான் கேட்க முடியும்."

அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். வேறு அறை இல்லை, வேறு வழியும் இல்லை. கையை அசைத்தாள். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய், நனைந்த செருப்புகளை ஓரமாக விட்டு உட்கார்ந்தார்கள். சாரல் அடிக்காமல் இருக்க, வாட்ச்மேன் தோள் கொடுத்து முட்டித் தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே வாய்ப்பாடு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது.

அவனுக்குப் போன மூச்சு பாதி திரும்பி வந்தது. யாரிடமாவது நல்லதாக நாலு வார்த்தை பேசினால் தேவலை போலிருந்தது. "வாட்ச்மேன் அண்ணே, கண்ணாடியை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க. ஒட்டின அன்னைக்கு நான் சொன்னதை மறக்கலை போல."

"மறப்பேனா சார்? 'பசங்க பந்தை விட்டு உடைச்சிடுவாங்க, இதுக்கு நீங்கதான் பொறுப்பு'ன்னு சொன்னீங்களே. அந்தப் பயத்துல எனக்குத் தூக்கமே இல்லை."

"கேட்டியாக்கா?" என்று கண்ணாடியைத் தட்டிக் காட்ட விரலை நீட்டினான்.

"ஐயய்யோ, தொட்டுடாதீங்க சார்! பூச்சு இன்னும் ஈரமா இருக்கு."

"ஈரமா? மூணு மாசமாவா காயலை?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். அக்கா மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"பசங்க மேல தப்பு இல்லை சார், அது தானாத்தான் உடையுது. நானும் உடனுக்குடனே மாத்தி, பக்கத்துல அதே தேதியையும் எழுதிடறேன். காலையில வச்சது ஏழாவது."