மினுக்கியின் சிலை

ஓர் ஆற்றில் மினுக்கி என்றொரு பச்சைப் பாசி இருந்தாள். நட்சத்திரம்போல அழகிதான், ஆனால் கண்ணுக்கே தெரியாத பொடிசு. அவள் குரலைக் கேட்டவர்கள் உண்டு, முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை.

ஒருநாள் கொக்கு ஓடிவந்து சொன்னது: “ஆற்றுத் தண்ணீரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர்கள் கரையில் உனக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், மினுக்கி!”

“எனக்கா? சும்மா சொல்லாதே!”

கொக்கு தன் ஈரக்காலில் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தது. அங்கே பனைமர உயரத்தில் ஒரு பச்சை நட்சத்திரம் நின்றது. பிள்ளைகள் அதன் கைகளில் தொங்கி ஆடினார்கள்.

“அச்சு அசல் நானேதான்!” என்று மினுக்கி கத்தினாள்.

ஆற்றுக்குத் திரும்பியதும், சந்தோஷம் தாங்காமல், பாசிகளின் வழக்கப்படி அவள் இரண்டாகப் பிரிந்தாள்.

“அது என் சிலை!” என்றாள் ஒருத்தி.

“போடி, என்னுடையது!” என்றாள் மற்றவள்.

மறுநாள் காலை அந்தச் சிலைக்கு நான்கு பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.