ஓர் அகப்பைச் சோறு

இடது கை தோளிலிருந்து விரல் நுனிவரை விறைத்துக் கிடந்தது. சலவைத் தொழிற்சாலையில் ஈரப் படுக்கைவிரிப்புகளை வருசக்கணக்காய் இழுத்த கை. குளிர் வந்தால் சும்மாவே குத்தும்.

போன் அடித்தது. வலது கையால் எடுத்தேன்.

"எடி ஜெயந்தி! ஒண்டு தசம் நாலு! ஒண்டு தசம் நாலடி!"

அண்ணை. ஷ்லீரன் ட்ராம் தரிப்பில் நின்று கத்துகிறார். மணி அடித்துக்கொண்டு ட்ராம் புறப்படுவது எனக்கே கேட்கிறது. வாழ்க்கையில் ட்ராமைத் தவறவிடாத மனுசன், போகட்டும் என்று விட்டுவிட்டு நிற்கிறார்.



போன வருசம் கிட்னி குடுக்கிறேன் என்று அண்ணை பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது இப்போது ஒன்று தசம் நாலுக்கு வந்த இரத்தக் கொழுப்பு நாலில் நின்றது. இரத்த வகை சரி. இருதயம் சரி. கிட்னி இரண்டும் இளந்தாரியுடையது போல என்றார்கள். கொழுப்பில்தான் மறித்தார்கள்.

தனக்குச் சீனி வருத்தம் இல்லைத்தானே என்று அண்ணை சண்டைக்குப் போனார்.

டொக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். சீனி இப்போது விளிம்பில்தான் நிற்கிறது. ஆனால் இரத்தத்தில் இவ்வளவு கொழுப்பு ஓடுகிறதென்றால் உடம்பு இன்சுலினின் சொல் கேட்பதைக் குறைத்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்சக் காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. வந்தால் மிச்சம் இருக்கிற ஒற்றைக் கிட்னியையும் அது தின்னும்.

கொழுப்புத்தானே? விட்டால் போச்சு.

ஆட்டிறைச்சி இல்லை, முட்டை இல்லை, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. அண்ணைக்கு அந்த வருசம் தவக்காலம் முடியவே இல்லை. ஆனால் அவர் வேலையில் பாரம் தூக்குகிறவர், வயிறு சும்மா விடாது. அண்ணி பாவம் பார்த்துப் பார்த்துச் சோற்றைக் குவித்தா. மேலே பருப்பு, பிறகு வாழைப்பழம், பிறகு பெரிய போத்தலில் மாம்பழச் சாறு.

அடுத்த சோதனையில் ஐந்து. ஏறியிருந்தது!

ஆஸ்பத்திரி வாசலில் அன்று அண்ணை அழுதார். உள்ளே டொக்டர் தட்டில் எவ்வளவு சோறு என்று கேட்டபோது, கையால் ஒரு மலை கீறிக் காட்டியிருக்கிறார். அந்த மலைதானாம் காரணம். மிஞ்சுகிற சோற்றையும் பழச் சாற்றையும் ஈரல் கொழுப்பாக்கி இரத்தத்துக்குள் விடுகிறதாம்.

எங்கள் சனத்தில் இது யாருக்குத் தெரியும்? கொழுப்பு ஆட்டில் இருக்கிறது. சோறு சோறுதான்.

அன்றைக்குப் பிறகு ஓர் அகப்பைச் சோறு. மீன், கீரை, முட்டை. சனிக்கிழமை பியர் போச்சு. வேலைக்குப் போவதும் வருவதும் ஆற்றங்கரையால் நடை.

சொந்தக்காரப் பெட்டை மயூரி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் மட்டன் ரோல்ஸ் தட்டுத் தட்டாக வந்தது. அண்ணை பையிலிருந்து வெள்ளரிக்காய் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ன யேசுதாசன், ரோல்சுக்கை நஞ்சோ?" என்றார் பக்கத்தில் இருந்த கனகரத்தினம்.

சாமானைப் பழுதாக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேணுமெல்லோ என்று இவர் சொல்ல, மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தட்டிலும் ரோல்ஸ் இல்லை. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

"சீனி?" என்று போனில் கேட்டேன்.

"அதுவும் நல்லா இறங்கியிட்டுது. எல்லாத்தையும் பாத்திட்டு ஓம் எண்டிட்டினம். வாற மாசம் வெட்டுகினம்!"

வெட்டப் போகிறார்கள் என்பதை லொத்தர்ச் சீட்டு விழுந்தது போல ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

எழும்பிக் குதிக்கவேணும் போல இருந்தது. எழும்பவில்லை. சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை. உடம்பு குலுங்கியது.

மெசின் கத்தத் தொடங்கியது.

பக்கத்துக் கதிரையில் நித்திரையாயிருந்த சுவிஸ் கிழவர் திடுக்கிட்டு முழித்தார். தாதி ஓடிவந்து என் இடது கையைப் பிடித்து நேராக வைத்தா. அதில் இரண்டு ஊசி. ஒன்றால் இரத்தம் போகிறது, மற்றதால் கழுவுப்பட்டுத் திரும்பி வருகிறது. ஊர் ஆட்களின் துணியெல்லாம் மெசினில் போட்டுக் கழுவினவள் நான். இப்போது கிழமைக்கு மூன்று தரம் மெசின் என்னைக் கழுவுகிறது.

"உனக்குச் சீதனம் ஒண்டும் தரேல்லை எண்டு மச்சான் கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து குத்திக் காட்டுறார். வாற மாசம் தாறன் எண்டு சொல்லு!" என்றார் அண்ணை போனில்.

இரத்தச் சோதனைக்காக நேற்று இரவிலிருந்து தேத்தண்ணிகூடக் குடிக்காத மனுசன், அங்கே நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"முதல் போய்ச் சாப்பிடுங்கோ அண்ணை" என்றேன்.

அண்ணைக்கு நான் இனி ஒரு கிட்னி கடன்.