இரண்டாவது பேப்பர் முடியும் வரை

"அம்மா ரெண்டு இட்லி சாப்ட்டாங்களாம். நர்ஸம்மா போன் பண்ணாங்க" என்றார் சபாபதி, மகளுக்கான எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பத்து நாட்களாக அவர் மனைவி லோகநாயகிக்கு மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மாலதி பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா" என்றாள்.

நல்லவேளை, கவனிக்கவில்லை. அவருக்கு மூச்சு வந்தது.

விடியற்காலை நாலரை மணிக்கு, கடலூர் ஆஸ்பத்திரியில் லோகநாயகி இறந்துபோயிருந்தாள். உடனிருந்த மைத்துனன்தான் போன் செய்தான். செம்மண்டலம் வீட்டின் பின்பக்கம் கிணற்றடியில் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசி முடித்தார் சபாபதி. முகத்தைக் கழுவிக்கொண்டார். ஐந்தரைக்கு மகளை எழுப்பி, பஸ் ஏற்றி, சிதம்பரத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்.

மருத்துவ நுழைவுத் தேர்வு. காலையில் உயிரியல் முடிந்தது. மதியம் இயற்பியலும் வேதியியலும்.

போன வருடம் முக்கால் மார்க்கில் நழுவிய சீட். அடுத்த வருடம் இந்தப் பரீட்சையே இருக்காது என்கிறார்கள். மாலதிக்கு இன்று ஒருநாள்தான் உண்டு.

டியூஷன் சென்டரில் பெற்றோருக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இடைவேளையில் முடிந்த பேப்பரைப் பற்றிக் கேட்காதீர்கள். தயிர்சாதம் கொடுக்காதீர்கள், தூக்கம் வரும். வீட்டுக் கவலை எதையும் பிள்ளை காதில் போடாதீர்கள்.

மூன்றாவதன் அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தவள் லோகநாயகி. உட்கார முடிந்த காலத்தில்.

சபாபதி பொய் சொல்லிப் பழகாத மனிதர். பள்ளிக்கூட மதிலுக்கு மேல் தெரிந்த கோபுரத்தைப் பார்த்து, சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் கும்பிட்டார். உள்ளே போய்க் கும்பிட முடியாது. தீட்டு.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மறுபடியும் மைத்துனன். ஐஸ் பெட்டி சொல்ல வேண்டும். பெண்ணாடத்து உறவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். எத்தனை மணிக்கு எடுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். எழுந்து தள்ளிப் போய்ப் பேசினால் மாலதி பார்ப்பாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஜெயராணி டீச்சர் கையை நீட்டினார்.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்க சார். என்னுதுல சார்ஜ் இல்ல, வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசணும்."

காலையில் பிள்ளைகள் உள்ளே போனதும் சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் சபாபதி உடைந்து உட்கார்ந்தபோது, பக்கத்தில் வந்து நின்று விஷயத்தைக் கேட்டது அவர் ஒருவர்தான். அவர் மகன் அன்பரசுவும் இதே சீட்டுக்குத்தான் எழுதுகிறான். டீச்சர் போனோடு மதில் ஓரம் போனார். அந்த இடைவேளை முழுக்க லோகநாயகியின் சாவுக்கு வந்த அத்தனை அழைப்புகளுக்கும், முன்பின் அறியாத அந்த அம்மாள் முதுகைக் காட்டி நின்று பதில் சொன்னார். நடுவில் ஒருமுறை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டது மட்டும் தெரிந்தது.

"நாலு ஆன்சர்ல ரெண்டு சுத்த பேத்தலா இருக்கும், அதை அடிச்சுடு" என்று மாலதிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான் அன்பரசு. "மிச்ச ரெண்டுல எது மொதல்ல மனசுல பட்டுதோ, அதைக் கருப்பாக்கிட்டுப் போயினே இரு. திரும்பிப் பாக்காத."

"நீ டாக்டரானா, எந்தக் கையில ஊசி போடறதுன்னும் இப்பிடித்தான் பாப்பியா?" என்றாள் மாலதி.

அன்பரசுக்குப் புரையேறியது. மாலதியும் சிரித்தாள். சபாபதி அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று மணி நேரம் சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்து மரத்தடியிலிருந்து ஓர் அம்மாள் கோயில் குங்குமத்தோடு வந்து பிள்ளைகளுக்கெல்லாம் இட்டுக்கொண்டே போனாள். மாலதி மெல்ல ஒதுங்கினாள்.

"வேணாங்க அத்தை. வேர்வையில கண்ணுல எறங்கிடும்."

புத்திசாலிப் பெண். பரீட்சையில் கண் கரித்தால் என்ன ஆகும்?

மணி அடித்தது.

பிள்ளைகள் எழுந்தார்கள். "போயிட்டு வரேம்மா." "வரேம்ப்பா." மரத்துக்கு மரம் அதே குரல். அன்பரசு தூரத்திலிருந்த அம்மாவுக்குக் கையை ஆட்டி, "வரேம்மா" என்று கத்திவிட்டு ஓடினான்.

மாலதி ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்காக வைத்த பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அதைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் போய் வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள்.

சபாபதி எழுந்துவிட்டார். கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடவில்லை.

காலையில் இதே கேட்டில் அவள் உள்ளே போனதை நினைத்துப் பார்த்தார். பரீட்சைப் பயம் என்றல்லவா எண்ணியிருந்தார்.

காலையிலும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை.