இரண்டாவது தட்டு

"உங்க சமையலறையை நான் பார்க்கணும்."

வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று காலையில் வீட்டில் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்டுவிட்டாள்.

நாற்காலியை விட்டு டிரைவர் எழுந்தே விட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஒன்பது வருஷம். மகன் தூரத்து நகரத்தில். அவள் வருகிறாள் என்று அவசரமாகச் சவரம் செய்ததில் தாடையில் ஒரு வெட்டு. மடிப்புக் கலையாத சட்டை.

அவள் சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவள். வயதானவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். தனியாக இருப்பவர்களில் யாரைப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சேர்க்கலாம் என்று சொல்வதும் அவள்தான். கேட்டால் எல்லோரும் காய், கீரை, பால் என்று அடுக்குவார்கள். வாயை அவள் நம்ப மாட்டாள். பாத்திரத்தின் அடியைப் பார்ப்பாள்.

அவர் இனிமேலும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா என்பது அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. அது டிரைவருக்கும் தெரியும்.

சமையலறை சின்னது. வாணலியைத் துலக்கிக் கவிழ்த்திருந்தார். அடுப்பின் மேல் பருப்பும் கீரையும். அவள் கேட்காமலே கரண்டியால் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள்.

"உப்பே இல்லையே. பிரஷரா?"

அதெல்லாம் இல்லை என்றார். ஒரு மாத்திரை கிடையாதாம்.

"அப்புறம் எதுக்கு இந்தத் தண்டனை?"

"பழகிக்கிறேம்மா. ரெண்டு மாசமாச்சு. முதல் வாரம் வைக்கோலைத் தின்ன மாதிரி இருந்துச்சு. இப்ப மாடாவே ஆயிட்டேன்."

வந்த சிரிப்பை அவள் கஷ்டப்பட்டு விழுங்கினாள். அலமாரியில் இரண்டு தட்டுகள். ஒன்று நெளிந்த பழசு. இன்னொன்றில் கடையில் ஒட்டிய சீட்டுகூட அப்படியே இருந்தது. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, பிரேக் பிடிக்காத வண்டியில் உட்கார்ந்தவர் போல முழித்தார்.

கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி. எந்த வீட்டிலும் அதை விட மாட்டாள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். எழுதும்போது கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கும்.

"இந்த வீட்டுல யாரு கடைசியா சாப்பிடுவாங்க?"

"முதல் ஆளும் நான்தான், கடைசி ஆளும் நான்தான்."

"உங்க வீட்டம்மா இருந்தப்போ?"

டிரைவர் கரண்டியை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அவதான். அடியில ஒட்டினதை வழிச்சு, நின்னுக்கிட்டே. அவளுக்கு இருக்கான்னு நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்ல. அவ போனப்புறம் நானே பாத்திரம் தேய்க்க உக்காந்தேன் பாரு, அப்பத்தான் தெரிஞ்சது, அந்த அடியில ஒண்ணுமே இருக்காதுன்னு."

நல்லவர் மாதிரிப் பேசித் தப்பிக்க ஆயிரம் வழி இருந்தது. மனுஷன் அதில் ஒன்றையும் எடுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிப் புதுத் தட்டை எடுக்கப் போனார். அது இருக்கட்டும், பழசிலேயே போடுங்கள் என்றாள். அவளுக்குப் போட்ட பிறகு, தனக்கு ஒரு பாத்திர மூடியில் போட்டுக்கொண்டார். உப்பில்லாத பருப்பை அவள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். டிரைவர் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார்.

"அந்தப் புதுத் தட்டுல இருக்கற சீட்டைக் கிழிச்சுக் கழுவி வைங்க," என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தாள்.

தெருமுனை வந்ததும் போன் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் மறுமுனையில் எடுத்தாயிற்று.

"சமையலறைக்குள்ள போகலையே நீ?"

"போனேன். உன் பிரஷருக்காக ரெண்டு மாசமா உப்பில்லாம சாப்பிட்டுப் பழகிட்டிருக்கார்," என்றாள் அவள். "மாப்பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு, அம்மா."