செம்மஞ்சள் நாடா

போன கோடையில் ரூஜ் பகுதியில் ஒன்பது வீடுகளையும் அவற்றின் பின்னாலிருந்த காட்டையும் தீ எரித்த சரிவில், இன்று காலை மழை தூறுகிறது. கருகிய அடிமரங்களுக்கு நடுவே தெருச்சனம் மரக்கன்று நடக் குனிந்து குழி தோண்டுகிறது. மண்வெட்டிகள் கல்லில் பட்டுக் கணீரென்கின்றன. சப்பாத்தெல்லாம் கரிச்சேறு. காட்டுக்காணியை வாங்கியவர்கள் கார் தரிப்பிடத்துக்கு அளந்து அறைந்த கட்டைகள் வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொன்றிலும் செம்மஞ்சள் நாடா படபடக்கிறது. "அக்கா, உந்தக் கட்டைக்குக் கிட்ட வேண்டாம். பிறகு பிரச்சினை வரும்," என்கிறார் பக்கத்து வீட்டு அன்புராசா. கிளடிஸ் நிமிரவில்லை. வீடு எரிந்த நாளிலிருந்து மகளின் அப்பார்ட்மெண்டில் சோபாவில் படுக்கிறவர் அவர். "வரட்டும் தம்பி. நான் இஞ்சதான் திரும்பி வீடு கட்டப்போறன். யன்னலைத் திறந்தா எனக்கு மரம் தெரியவேணும், உவையின்ர கார் இல்லை." மேப்பிள் கன்றைக் குழியில் இறக்கி, குதிக்காலால் மண்ணை மிதித்து இறுக்குகிறார். கன்று காற்றில் சரிகிறது. பக்கத்துக் கட்டையிலிருந்து நாடாவை அவிழ்க்கிறார். கன்றை அந்தக் கட்டையோடேயே சேர்த்துவைத்து, அதே நாடாவால் சுற்றி முடிச்சுப் போடுகிறார். கன்று நிமிர்ந்து நிற்கிறது. அன்புராசா ஒருமுறை தெருப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார். பிறகு தன் கன்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டையை நோக்கி நடக்கிறார்.