சத்தம் நின்றால்

அவள் முகமூடியை மூக்கில் வைத்து வாரைப் பின்மண்டைக்கு இழுத்தாள்.

கொண்டை தடுத்தது. அவிழ்த்துப் போட்டாள்.

பிறகு கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மிசின் மூச்சு விட ஆரம்பித்தது.

மத்தியானம் இரண்டு மணி. இது ஐந்தாவது நாள். நாலு நாளும் பத்தே நிமிசத்தில் பிடுங்கிப் போட்டவள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இதைக் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்கக் காற்றை உள்ளே தள்ளுமாம். மூச்சு நிற்காதாம், குறட்டையும் வராதாம். முதலில் பகலில் போட்டுப் பழகட்டும் என்றாள் நர்சு.

எனக்கு நம்பிக்கை இல்லை.

இதற்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி வேறு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைத்தான் அதில் ஊற்ற வேண்டுமாம். அவள் என்ன லாரியா?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இதைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் காற்றெல்லாம் புஸ்ஸென்று வாய் வழியாக வந்துவிடும். பேச முடியாது. கல்யாணமாகி நாற்பத்தோரு வருசத்தில் நான் சொன்னதை அவள் முழுசாகக் கேட்டது இந்த ஐந்து நாள்தான்.

நாளைச் சாயங்காலம் அவள் அண்ணன் பேத்திக்குப் பெண் அழைப்பு. மறுநாள் விடியக்காலம் நாலரைக்கு முகூர்த்தம்.

அவள் எந்தக் கல்யாணத்துக்கும் சாயங்காலம் போவாள். கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள். இருபது வருசத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில், காலையில் எழுந்ததும், "ராத்திரி யாரு மாவு மில்லு ஓட்டுனது?" என்று ஒருத்தி கேட்டாளாம். ஜமுக்காளத்தில் கிடந்த அத்தனை பொம்பளைகளும் சிரித்தார்களாம். அன்றைக்கு விட்டதுதான். அதற்குப் பிறகு ஒரு தாலி கட்டுவதையும் அவள் பார்த்ததில்லை.

இன்றைக்குக் குறட்டை இல்லாமல் தூங்கினால் மண்டபத்தில் தங்குவது. குறட்டை வந்துவிட்டால் கடைசி பஸ். அவளே போட்ட கணக்கு.

தீர்ப்புச் சொல்லப் பக்கத்து வீட்டு சுப்புத்தாயைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்திருந்தாள். அவளும் கல்யாணத்துக்கு வருகிறவள்தான். நான் பொய் சொல்வேனாம்.

சுப்புத்தாய் முறத்தில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் இருந்தபடி காலைக் கட்டில்மேல் நீட்டியிருந்தேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். வயிற்றின்மேல் இருந்த அவள் கை தளர்ந்து பக்கத்தில் விழுந்தது.

தூங்கிவிட்டாள்.

சத்தமே இல்லை.

சுப்புத்தாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மதினி ஜெயித்துவிட்டாள் என்று அர்த்தம்.

அரை மணி நேரம்.

சத்தமே இல்லை.

நானும் கொஞ்சம் கண் அசந்திருப்பேன் போலிருக்கிறது.

அவளை உதைத்துவிட்டேன்.

அவள் அடித்துப்பிடித்து எழுந்து முகமூடியைப் பிடுங்கினாள். கன்னத்தில் வார் பதிந்த தடம்.

"இன்னைக்கும் கொறட்டையா?" என்றாள். என்னிடம் இல்லை, சுப்புத்தாயிடம்.

"இல்ல மதினி. பொட்டுச் சத்தமில்ல."

"மழுப்பாத. சத்தம் வராமலா இவுக ஒதைப்பாக? கட்டிட்டு வந்த நாளா எனக்குத் தெரியாதா? கொறட்டை விட்டா ஒரு ஒதை."

மிசினை அணைத்தாள். குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"கடைசி பஸ்ஸு ஒம்பதே காலுக்குத்தான?"

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"ஏ, அதக் கீழ வையி," என்றேன். "கொறட்டை விட்டதுக்கு நான் ஒருநாளும் ஒதைக்கல. சத்தம் நின்னுபோகும்ல, அதுக்குத்தான் ஒதைச்சேன்."

அவள் கை நின்றது.

மில்லில் முப்பத்து நாலு வருசம் நூல் மிசின் பார்த்தவன் நான். ராத்திரி ஷிப்டில் தூணில் சாய்ந்து, நின்றபடியே தூங்குவேன். மிசின் ஓடுகிறவரை தூக்கம் கலையாது. நின்றால் அந்த நொடியே முழிப்பு வந்துவிடும். மேஸ்திரி பார்ப்பதற்குள் ஓடவிட்டாக வேண்டும்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். திடீரென்று நிற்கும். நான் முழித்துக்கொள்வேன். ஒரு உதை. மறுபடி ஓடும். நானும் தூங்கிவிடுவேன்.

இதையெல்லாம் போய் யாராவது சொல்வார்களா?

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சுப்புத்தாய்க்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. பாதி உளுந்து தரையில்.

அவள் கட்டிலைவிட்டு எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். இரண்டு சேலை எடுத்தாள். சாயங்காலத்துக்கு ஒன்று. விடியக்காலம் உடுத்த ஒன்று. பையில் வைத்து, அதன்மேல் மிசினை வைத்தாள்.

"மண்டபத்துல கரண்டு போச்சுன்னா?" என்றேன். "மிசினு நின்னுரும். நான் ஆம்பளைக பக்கம் கெடப்பேன்."

"ஜெனரேட்டர் இருக்குண்ணே," என்றாள் சுப்புத்தாய்.

"அது மட்டும் நிக்காதாக்கும்."

"அப்ப நான் மதினி கால்மாட்டுல படுத்துக்கிடுறேன். மூச்சு நின்னா ஒரு ஒதை, அம்புட்டுத்தான?" முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "எங்கனண்ணே ஒதைக்கணும்?"

யோசித்தேன். எல்லாம் இருட்டில் உதைத்தது. இடம் பார்த்து உதைத்ததில்லை.

அவள் பையை விட்டுவிட்டுச் சேலையை ஒரு சாண் தூக்கினாள். இடது கெண்டைக்காலில் விரலை வைத்தாள்.

"இங்கன," என்றாள். "பெருவிரலால. மெதுவா."